மிதப்பதை அள்ளுவது: நீச்சல் தடாகத்திலிருந்து நீர்த்தேக்கம் வரை

நீரில் விழும் இலை உடனே மூழ்குவதில்லை. காய்ந்த சவுக்கு இலையென்றால் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் மிதக்கும். பிறகு நீரை உறிஞ்சிக் கனத்து, மெல்ல அடியில் போய்ப் படியும். மிதக்கும்போது ஒரே வீச்சில் அள்ளிவிடக்கூடியதை, படிந்த பிறகு எடுக்க அரை மணித்தியாலம் ஆகும். அதற்குள் அது ஊறி, நீரைத் தேயிலைச் சாயம்போல் ஆக்கத் தொடங்கியிருக்கும். நீச்சல் தடாகம் பார்க்கும் வேலையில் பாதி, இந்த ஒரு நாள் அவகாசத்தைத் தவறவிடாமல் இருப்பதுதான்.

எங்கள் பக்கம் சவுக்கு என்று சொல்வது கடற்கரையோரத்துச் சவுக்கை அல்ல. தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரேவிலியா மரம் அது. இலை கீறல் கீறலாக இருக்கும். அடிப்பக்கம் வெள்ளி நிறம். வெயில் காலத்தில் கொட்டத் தொடங்கினால் நிற்காது. தேயிலை மலைக்கு அது நல்ல பசளை. தடாகத்துக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்த இடத்தில் தடாகம் பார்க்கும் வேலை கிடைத்தது. மூன்று வருடங்கள் பார்த்தேன். இன்று எங்கள் இளைஞர்கள் பலர் மலை வேலைக்குப் போகாமல் இப்படியான வேலைகளுக்கே போகிறார்கள். சிலர் இதே அனுபவத்தோடு மாலைதீவுக்கும் கட்டாருக்கும் செல்கிறார்கள். வேலையில் சேரும் அன்று நீண்ட கம்பொன்றையும் ஒரு வலையையும் கையில் கொடுத்து, “சுத்தமா வச்சுக்க” என்று சொல்வதோடு பயிற்சி முடிந்துவிடும். இதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கமாவது இருக்கட்டும் என்பது இக்கட்டுரைக்கு ஒரு காரணம். பங்களாவுக்குக் கீழே கிடந்த நீர்த்தேக்கத்துக்கும், லயத்துக்குத் தண்ணீர் வரும் தாங்கிக்கும் இதே விதிகள்தான் என்பதும், அங்கெல்லாம் கம்பும் வலையும் பிடிக்க ஆளில்லை என்பதும் மற்றக் காரணம்.

மேற்பரப்பு எப்படிச் சுத்தமாகிறது

தடாகத்துக்குள் வரும் அழுக்கில் பெரும்பகுதி மேலேதான் முதலில் தங்குகிறது. இலை, மகரந்தம், பூச்சி, முடி, குளிப்பவர்கள் உடம்பில் பூசிவரும் வெயில் களிம்பு, தலையெண்ணெய் எல்லாம் மேலே ஒரு தோல்போலப் படர்கின்றன. தேயிலைத் தொழிற்சாலை பக்கத்தில் இருந்தால் விறகடுப்புச் சாம்பலும் சேரும். ஆகவே, தடாகத்தின் நீரைச் சுத்திகரிக்க எடுக்கும்போது அடியிலிருந்து கொஞ்சமும் மேலிருந்து மிகுதியும் எடுக்க வேண்டும். அதற்கான வாய்தான் ஸ்கிம்மர்.

சுவரில், நீர்மட்டத்தில், செவ்வக வடிவில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வாயில் மிதந்தபடி ஆடும் சிறிய கதவொன்று உண்டு. மோட்டார் ஓடும்போது அந்தக் கதவு சற்றே உள்ளே சாய்ந்து, மேலேயுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை மட்டும் உள்ளே விடுகிறது. மெல்லிய படலமென்பதால் நீர் வேகமாக இழுபடும். தூரத்தில் மிதப்பதும் நகர்ந்து வரும். மோட்டாரை நிறுத்தியதும் கதவு நிமிர்ந்து, உள்ளே போன குப்பை மீண்டும் வெளியே வராமல் தடுக்கும். உள்ளே ஒரு கூடை. இலை அதில் தங்க, நீர் மணல் வடிகட்டிக்குப் போய்த் திரும்புகிறது. பொதுப் பாவனைத் தடாகங்களில் ஏறக்குறைய 50 சதுர மீற்றருக்கு ஒரு ஸ்கிம்மர் என்பது வழமையான கணக்கு.

இந்த அமைப்பு வேலை செய்வதற்கு நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். குறைந்தால் மோட்டார் காற்றை இழுத்து, சூடேறிக் கெட்டுப்போகும். கூடினால் வாய் முழுவதும் மூழ்கி, மிதக்கும் கதவுக்கு வேலையில்லாமல் போகும். நீர் உள்ளே போகும், மேலே மிதப்பது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் நீர் குறைவதைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்கின்றன. அவை வெயில் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பக்கமும் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மழை நின்று பெய்யும். எங்களுக்கு இரவு முழுவதும் பெய்த மழையில் நீர்மட்டம் ஏறிவிடுவதுதான் பிரச்சினை. ஜூன், ஜூலை மாதங்களில் காலையில் போனவுடன் நான் முதலில் பார்ப்பது நீர்மட்டத்தைத்தான். கூடியிருந்தால் வடிகட்டியின் கழுவுநீர்க் குழாயைத் திறந்து நான்கைந்து விரல் இறக்கிய பிறகே மற்ற வேலை.

அடுத்தது காற்று. எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்த மூத்தவர் ஒருவர் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: “தம்பி, காத்து எங்க கொண்டு போயி விடுதோ அங்க போயி நில்லு. நீ தேடிப் போகாத, அது ஒன்னத் தேடி வரும்.” ஸ்கிம்மரை அமைக்கும்போதே காற்று போய்ச் சேரும் பக்கத்துச் சுவரில்தான் அமைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் அமைத்தால், மோட்டார் இழுக்கும் திசைக்கும் காற்று தள்ளும் திசைக்கும் இடையே குப்பை நடுவில் நின்றுவிடும். பல இடங்களில் கட்டடக்காரர் குழாய் கிட்டவுள்ள பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு ஆயுள் முழுவதும் ஒருவர் வலையோடு அலைய வேண்டும். ஓரளவு சரிசெய்ய வழியுண்டு. சுத்திகரித்த நீர் திரும்பி வரும் குழாய்களின் முனைகளைச் சற்றுத் திருப்பி, மேற்பரப்பு ஒரே திசையில் மெதுவாகச் சுழலும்படி செய்தால், சுழன்று வரும் இலை என்றாவது ஒருமுறை ஸ்கிம்மர் வாயைக் கடந்தே ஆகும்.

வலை இரண்டு வகை. தட்டையான வலை மேலே மிதப்பதற்கு. பைபோல ஆழமான வலை நிறைய இலை விழுந்த நாளுக்கும் அடியில் படிந்ததற்கும். வேகமாக இழுத்தால் வலைக்கு முன்னால் ஓர் அலை எழுந்து இலையைத் தள்ளிக்கொண்டு போகும். வலையின் ஒரு விளிம்பை நீருக்குள் சாய்த்து, நடக்கும் வேகத்தில் இழுத்தால் போதும். அள்ளியதைத் தடாகத்தின் ஓரத்திலேயே உதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ந்ததும் அடுத்த காற்றில் அதே இலை திரும்பவும் நீரில். மகரந்தம், சாம்பல் போன்ற நுண்ணியவை கூடையின் துளைகள் வழியே போய்விடும். பெண்கள் அணியும் பழைய நைலோன் காலுறையொன்றைக் கூடைக்கு உறையாகப் போட்டால் அவையும் நிற்கும். அன்றாடம் கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

முதல் மழை பெய்த இரவுகளில் ஈசல் வரும். தடாகத்து விளக்குகள் எரிந்தால் ஆயிரக்கணக்கில் விழுந்து, காலையில் நீர் முழுவதும் இறகுகள். இறகு வலையிலும் ஒட்டும், கையிலும் ஒட்டும், வடிகட்டியையும் அடைக்கும். விருந்தினர் உறங்கப் போனதும் விளக்கை அணைத்துவிடுவதைவிட மேலான மருந்து இதற்கில்லை.

இதெல்லாம் பார்வைக்கு அழகாக இருப்பதற்காக மட்டுமல்ல. இலையும் பூச்சியும் அழுகும்போது, கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினை அவை தின்றுவிடுகின்றன. வியர்வை, சிறுநீர் போன்றவற்றிலுள்ள நைதரசன் சேர்வைகளோடு குளோரின் கலந்து குளோரமைன் என்ற பொருளாக மாறுகிறது. கண் எரிவதும், ‘குளோரின் வாசம்’ என்று நாம் சொல்வதும் அதனால்தான். வாசம் தூக்கலாக இருந்தால் மருந்து கூடிவிட்டதென்று நினைப்பார்கள். பெரும்பாலும் வேலை செய்யும் குளோரின் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

சொல்ல வேண்டிய இன்னொன்று. தடாகம் பார்க்கும் எங்கள் பையன்களில் பலருக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. மலையகப் பாடசாலைகளில் தடாகத்தைக் கண்டவர்கள் குறைவு. ஆற்று நீர் குளிர். நீந்தப் பழக இடமில்லை. ஆறடி ஆழமுள்ள நீரின் வழுக்கும் விளிம்பில், நீண்ட கம்பைப் பிடித்தபடி, விடியற்காலைப் பனிமூட்டத்தில் தனியாக நிற்கும் வேலை இது. வேலைக்குச் சேர்ப்பவர்கள் நீந்தக் கற்றுக்கொடுக்க இரண்டு கிழமை ஒதுக்குவது பெரிய செலவல்ல. குறைந்தபட்சம் மிதவை வளையமொன்று கைக்கெட்டும் தூரத்தில் தொங்க வேண்டும். காலையில் இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

அணைக்கு முன்னால் மிதப்பது

இப்போது மலையக ஹோட்டல்களில் விளிம்பில்லாத் தடாகங்கள் வந்துவிட்டன. ஒரு பக்கச் சுவர் நீர்மட்டத்தைவிட மயிரிழை தாழ்வாக இருக்கும். நீர் அதன்மேல் வழிந்து கீழேயுள்ள ஏந்து தொட்டியில் விழும். அங்கிருந்து வடிகட்டிக்குப் போய்த் திரும்பி வரும். ஸ்கிம்மர் ஒரு மூலையில் செய்வதை இங்கே ஒரு பக்கம் முழுவதும் செய்கிறது. ஆதலால் மேற்பரப்பு மிகச் சுத்தமாக இருக்கும். மோட்டார் ஓடும்வரைதான். மின்கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்தினால், விளிம்புவரை வந்த குப்பை விளிம்பிலேயே நின்றுவிடும்.

இந்த வகைத் தடாகத்தில் நின்று பார்த்தால், தடாகத்து நீரும் தூரத்தில் தெரியும் நீர்த்தேக்கமும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதுபோல் தெரியும். படமெடுக்க ஆட்கள் வருவது அதற்காகத்தான். கீழே இறங்கிப் போய் அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் நின்றால் வேறு காட்சி.

பொகவந்தலாவைப் பக்கமிருந்து நோர்வூட் வழியாக வரும் கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டப்பட்டது காசல்ரீ. அதன் நீர் சுரங்கம் வழியாக நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள 50 மெகாவோட் விமலசுரேந்திர மின்நிலையத்துக்குப் போகிறது. அந்நிலையம் 1965இல் இயங்கத் தொடங்கியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயாவை மறித்தது மவுஸ்ஸாகலை. பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் வெளியே தெரிவதும், மக்கள் போய்ப் பார்ப்பதும் செய்தியாகும். இரண்டு ஓயாக்களின் நீரும் லக்ஷபான, பொல்பிட்டிய மின்நிலையங்களைக் கடந்து கித்துல்கலைப் பக்கம் களனி கங்கையாகிறது. அம்பத்தலையில் அதே ஆற்றிலிருந்துதான் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்.

இந்த நீர்த்தேக்கங்களில் குப்பைக்கு ஒரு பருவமுண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை நீர்மட்டம் இறங்க இறங்க, சிவந்த சேற்றுக் கரையில் போத்தல்களும் பொலித்தீனும் வளையம் வளையமாகத் தங்கிப் போகின்றன. கோடையில் ஓடைகளிலும் கான்களிலும் கொட்டியதும் நகராமல் கிடக்கும். மே மாதக் கடைசியில் மழை பிடித்ததும் கான் நீர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு இறங்கும். ஏறிவரும் நீர்மட்டம் கரையில் கிடந்ததைக் கிளப்பி மிதக்கவிடும். காற்று அதை ஏதாவதொரு குடாவுக்குக் கொண்டுபோய் ஒதுக்கும். நான் பார்த்தவரை, முதல் கிழமை ஒதுங்கும் குடாக்கள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதேதான். மூத்தவர் சொன்ன விதி இங்கேயும் பொருந்துகிறது. எல்லா இடத்திலும் படகோட்டித் தேட வேண்டியதில்லை. அந்தக் குடாக்களில், அந்தக் கிழமையில், ஆளும் வலையும் இருந்தால் போதும்.

தாமதித்தால் என்னவாகும் என்பதும் இலையின் கதைதான், ஆனால் பிளாஸ்டிக்குக்கு வெவ்வேறு கணக்கு. மென்பானப் போத்தல் செய்யும் பிளாஸ்டிக் உண்மையில் நீரைவிடக் கனமானது. மூடி போட்டிருந்தால் உள்ளிருக்கும் காற்றால் வருடக்கணக்கில் மிதக்கும். மூடி இல்லாவிட்டால் நீர் நிறைந்து மூழ்கிவிடும். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். அது தனியாகவும் மிதக்கும். மெல்லிய பொலித்தீன் பை மிதக்க வேண்டியதுதான், ஆனால் சேறும் பாசியும் பிடித்ததும் மேலேயும் இல்லாமல் அடியிலும் இல்லாமல் இடைநீரில் தொங்கும். அணைக்காரருக்கு மிகவும் தொல்லை கொடுப்பது இந்தக் கடைசி வகை.

ஏனென்றால், மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாய் மேற்பரப்பில் இருப்பதில்லை. காற்றையும் மிதப்பதையும் இழுக்கக்கூடாதென்று, நீர் இறங்கக்கூடிய மிகக் குறைந்த மட்டத்துக்கும் கீழே அதை வைப்பார்கள். ஸ்கிம்மருக்கு நேர் எதிரான ஏற்பாடு. வாயில் செங்குத்தான இரும்புக் கம்பிகளால் ஒரு தடுப்பு இருக்கும். இடைநீரில் வரும் பையும் ஊறிய மரக்கிளையும் அதில் ஒட்டிக்கொள்ளும். கம்பிகளுக்கு முன்னாலும் பின்னாலும் நீர்மட்ட வேறுபாடு ஏற்படும். அந்த வேறுபாடு அளவுக்கு மின்சாரம் குறையும். கம்பியும் வளையலாம். கம்பியைச் சுரண்டுவது கடினமான, ஆபத்தான வேலை. மேலே மிதக்கும்போதே நிறுத்துவதற்காக அணைகளுக்கு முன்னால் மிதவைத் தடுப்புச் சங்கிலி கட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதைக் குறுக்கே நேராகக் கட்டினால் குப்பை நடுவில் குவிந்து, பாரத்தில் சங்கிலி அறும். சாய்வாகக் கட்டினால் நீரோட்டமே குப்பையை ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் கரையில் லொறி வந்து நிற்கப் பாதை இருக்க வேண்டும்.

தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை இன்னொரு வகை. 150 மெகாவோட் திட்டம். 2012இல் இயங்கத் தொடங்கியது. அணையின் உயரம் 35.5 மீற்றர்தான். தேக்கி வைக்கும் நீர் காசல்ரீயோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். வரும் நீரை ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் அனுப்புவதே அதன் வேலை. பெரிய நீர்த்தேக்கத்தில் குப்பை குடாக்களில் ஒதுங்கக் காலமிருக்கிறது. இங்கே ஆக்கரப்பத்தனை, லிந்துலைப் பக்கத்தில் காலையில் பெய்த மழையின் குப்பை அன்றைக்கே அணைக்கு முன்னால் நிற்கும். நகரத்தின் வீடுகளும் கடைகளும் கரையிலேயே இருக்கின்றன. மழை கூடி வான்கதவுகளைத் திறக்கும்போது அது அப்படியே கொத்மலை ஓயாவுக்குள் இறங்கிவிடும். அணைக்கு முன் சுத்தமாகிவிட்டதென்று அன்றைக்கு யாரும் நிம்மதி அடையலாம். கீழே இருப்பவர்களுக்கு அது வந்து சேர்ந்திருக்கும்.

லொறி ஏறாத பாதை

நீரில் மிதப்பது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எங்கள் ஆட்களைத்தான் விரலால் காட்டுவார்கள்: தோட்டத்து மக்கள் ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று. கொட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம், பின்னால் கான், கானுக்கு அப்பால் தேயிலை. மக்காத குப்பையை வைக்க ஓரிடம் சொல்லுங்கள்.

முன்பு தோட்டத்தில் வாசல்கூட்டி என்றொருவர் இருந்தார். லயத்து வாசலையும் கானையும் கூட்டுவது அவர் வேலை. அந்த வேலையை இழிவாகப் பார்த்த சாதிப் புத்தியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கான் அடைத்தால் கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்தக் காலத்துக் குப்பையும் வேறு: சாம்பல், மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை. பொலித்தீன் வந்தபோது வாசல்கூட்டிகள் குறைந்துகொண்டு வந்தார்கள்.

பிரதேச சபையைக் கேட்கலாமே என்றால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நெடுங்காலம் குறுக்கே நின்றது. தோட்டம் தனியார் நிர்வாகத்தின் இடம், அங்கே சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்பதே நடைமுறை. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபைக்கு ஆள் அனுப்பலாம். அந்தச் சபையின் குப்பை லொறி தோட்டத்து வாசலோடு திரும்பிவிடும். 2018இல் இந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுதான் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளுக்குத் தேர்தலும் நடந்தது. சட்டத் தடை நீங்கிவிட்டது. பாதையில் லொறி ஏறுவது வேறு கதை. பல டிவிசன்களுக்கு இன்றும் உழவு இயந்திரம் போகும் பாதைதான். சபைக்கு ஆளும் வண்டியும் குறைவு. சேர்த்ததைக் கொட்ட நிலமும் வேண்டும், நிலமோ தோட்டக் கம்பனியின் கையில்.

சட்டம் செய்ய முடியாத விடயமல்ல இது. நீரில் மிதக்கும் ஒரு செடிக்காகவே இந்த நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது: ஆகாயத்தாமரை 1905 அளவில் இலங்கைக்குள் வந்தது, 1909இல் அதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே ஆண்டுகள். 20 மில்லிலீற்றருக்குட்பட்ட சசே பக்கெட்டுகளுக்கு, உணவும் மருந்தும் தவிர, 2021 மார்ச் 31 முதல் தடை இருக்கிறது. அதற்குப் பிறகும் தோட்டக் கடைகளில் ஷம்பூ பக்கெட் சரம் சரமாகத் தொங்குவதைக் கண்டிருக்கிறேன். நாட்சம்பளக்காரர் போத்தலாக வாங்குவது எப்படி? பீலியில் குளித்துவிட்டு, கிழித்த பக்கெட்டை அங்கேயே விட்டால் அடுத்த மழையில் அது காசல்ரீயில். பீலிக்கரையில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்த இடங்களில் பக்கெட்டுகள் சாக்குக்குள் விழத்தான் செய்கின்றன. சாக்கு நிறைந்ததும் யார் எடுத்துக்கொண்டு போவது என்ற கேள்வியில்தான் அந்த முயற்சிகள் நின்றுபோகின்றன.

நீரில் இறங்கிய பிறகு பிடிப்பதைவிட, கான் ஓயாவில் சேரும் இடத்தில் பிடிப்பது எளிது. இரண்டு அடி அகலக் கானுக்குக் குறுக்கே விரலிடை கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாக வைத்தால் போத்தலும் பையும் நிற்கும். செங்குத்தாக வைத்தால் ஒரே மழையில் அடைத்து, நீர் கானுக்கு மேலால் லயத்து வாசலுக்கு ஏறிவிடும். சாய்வாக வைத்தால் நீரின் வேகமே குப்பையை மேல்நோக்கித் தள்ளிவிடும், கீழே நீர் போக வழியிருக்கும். அப்படியும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருவர் போய் வார வேண்டும். அந்த ஒருவருக்கு நாட்சம்பளம் யார் கொடுப்பது என்பதைத் தோட்டமும் சபையும் மின்சாரம் எடுப்பவர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். விருந்தினருக்காக ஒரு தடாகத்துக்கு ஒரு முழுநேர ஆளை வைக்கும் ஊரில்தான் இருக்கிறோம்.

குடிக்கும் நீரின் மேற்பரப்பு

கடைசியாக, லயத்துக்கு மேலே இருக்கும் தாங்கி. ஊற்றிலிருந்து குழாயில் வரும் நீர் ஒரு சீமெந்துத் தாங்கியில் சேர்ந்து, அங்கிருந்து பீலிக்கும் குழாய்களுக்கும் இறங்குகிறது. பல தாங்கிகளுக்கு மூடி உடைந்திருக்கும், அல்லது தகரமொன்றை வைத்துக் கல்லேற்றியிருப்பார்கள். மேலே சவுக்கு மரம்.

குடிநீர்த் தாங்கி தடாகத்தைப்போல் மேலிருந்து நீர் எடுப்பதில்லை. அடித்தளத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெளிக்குழாய் இருக்கும்; அடியில் படிந்த சேறும் போகாது, மேலே மிதப்பதும் போகாது. அப்படியென்றால் மிதப்பது எங்கே போகும்? மேலே உள்ள வழிகுழாயால். தாங்கி நிறைந்து வழியும்போது மேற்படலம் தானாகவே வெளியேறுகிறது. ஊற்றில் நீர் நிறைய இருக்கும் மழைக்காலத்தில் இது நடக்கும். வரட்சியில் தாங்கி நிறைவதேயில்லை. நிறையாத தாங்கி வழியாது. வழியாத தாங்கியில் மிதந்த இலையும் பல்லியும் புழுவும் அங்கேயே நின்று அழுகும். மாலையில் எல்லோரும் குழாயைத் திறக்கும்போது நீர்மட்டம் இறங்கி இறங்கி, அந்த மேற்படலம் வெளிக்குழாயின் வாய்க்கே வந்துவிடும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்போது, சனம் முதலில் குழாயின் கடைசி முனையைத்தான் சந்தேகப்படுகிறது. தாங்கியின் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

தாங்கியைக் கவனிக்கும் பொறுப்பை இளைஞர் சங்கமோ கோயில் கமிட்டியோ ஏற்றிருக்கும் டிவிசன்கள் உண்டு. அவர்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஊற்றுவாயில் கம்பிவலை, தாங்கிக்கு விளிம்பு கவிந்த மூடி, வரட்சி தொடங்குமுன் ஒருமுறை முழுதாக இறக்கிக் கழுவுவது. வரட்சிக் காலத்தில் கிழமைக்கு ஓரிரவு வெளிக்குழாயைப் பூட்டி, தாங்கியை நிறையவிட்டு, கால் மணித்தியாலமாவது வழியவிடுவது. ஊற்று அவ்வளவு தராவிட்டால், மூடியைத் திறந்து தட்டை வலையால் அள்ளிவிட்டு, கொதிக்கவைத்துக் குடிக்கும்படி லயத்துக்குச் சொல்லிவிடுவது. வழிகுழாயின் வெளிவாய்க்கு நுளம்பு புகாத வலை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தவளை அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.